வெட்டுப்புள்ளி எதை அளக்கிறது?

(ஐந்தாந்தரப் புலமைப் பரிசில் பரீட்சை குறித்து, மலையகத் தோட்டமொன்றில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



பகல் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அடுப்பு மூட்டக்கூட நேரமில்லாமல் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே வார்த்தைகளை வளர்க்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறோம். இன்று நாம் பேசப் போவது சம்பளத்தைப் பற்றியல்ல, காணியுரிமையைப் பற்றியுமல்ல. நம் லயங்களில் வளரும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர்கள் எழுதும் ஐந்தாந்தரப் புலமைப் பரிசில் பரீட்சையைப் பற்றியும், அதில் அவர்கள் வாங்கும் புள்ளியிடம் பெற்றவர்களாகிய நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பற்றியும் பேசப் போகிறோம்.

"இது வாத்தியார் பேச வேண்டிய பேச்சல்லவா? இயக்கக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். தோட்டம் தோட்டமாக நாங்கள் போய் வருகிறோம். சம்பளத்துக்கு அடுத்தபடியாக லயத்து இஸ்தோப்பில் அதிகம் பேசப்படுவது இந்தப் பரீட்சைதான். காதுத் தோட்டை அடகு வைத்துப் பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டிய தாயைப் பார்க்கிறோம். பெறுபேறு வந்த நாளிலிருந்து மகனோடு முகம் கொடுத்துப் பேசாத தகப்பனைப் பார்க்கிறோம். ஒரு குடும்பத்தின் நகையும், நிம்மதியும், பிள்ளையின் உறக்கமும் ஒரு பரீட்சைக்குப் பணயமாக வைக்கப்படுமானால், அது உழைக்கும் மக்கள் கூடிப் பேச வேண்டிய விஷயமே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை மேலே வர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அந்த ஆசைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதை உங்கள் தாத்தா, பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கொழுந்து பறிக்கவும் புல் வெட்டவும் அதற்கு மேல் எழுத்து எதற்கு என்பதே தோட்ட நிர்வாகத்தின் அபிப்பிராயம். கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் தலைமையில் இயங்கிய விசேட குழு 1943ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. 1945ஆம் ஆண்டில் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. பெரும் நன்மைதான்! நாட்டுப்புற ஏழைப் பிள்ளைகளுக்காக மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. அந்தப் பாடசாலைகளுக்குக் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உதவிப் பணம் கொடுத்துப் படிக்க வைப்பதற்காகவே புலமைப் பரிசில் முறை ஏற்பட்டது. ஆனால் அந்த வெளிச்சம் தோட்டத்து லயத்துக்கு வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இல் திறந்த கதவு, நம் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை கழித்தே பாதி திறந்தது.

இப்படிப்பட்ட சரித்திரத்தைச் சுமந்த ஒரு தாய், "என் மகளாவது இந்த மலையை விட்டு இறங்கட்டும்" என்று நினைத்துப் பரீட்சையைப் பிடித்துத் தொங்குவது பேராசையல்ல. அது நியாயமான கோரிக்கை. ஆனால் அந்தக் கோரிக்கையை நாம் யாரிடம் வைக்கிறோம்? அரசாங்கத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் வைக்கிறோம். கொடுக்க வேண்டியவனிடம் கேட்காமல், கொடுக்க முடியாத குழந்தையிடம் கேட்கிறோம். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

இந்தப் பரீட்சை இன்று எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முடிவு வந்ததும் மாவட்டத்துக்கு மாவட்டம், தமிழ் மொழிக்கும் சிங்கள மொழிக்கும் தனித்தனியாக வெட்டுப்புள்ளி அறிவிக்கப்படுகிறது. பிரபலமான பாடசாலைகளில் ஆறாந்தரத்தில் சேருவதற்கு வேறு வெட்டுப்புள்ளி. அது இன்னும் உயரம். ஆக, முதல் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கும் கேட்ட பாடசாலை கிடைத்துவிடும் என்ற உறுதி இல்லை. உதவிப் பணமும் குடும்ப வருமானத்தைப் பார்த்து ஒரு பகுதியினருக்கே கிடைக்கிறது. அந்தத் தொகைதான் எவ்வளவு? மாதம் 750 ரூபாவாக இருந்ததை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 1,500 ரூபாவாக்கியது. அதற்கு முந்திய ஆண்டு, 2024இல், தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு மாதப் படிப்புக்கு அரசாங்கம் கொடுக்கத் தீர்மானித்தது, அப்போது ஒரு தாய் ஒரு நாள் பறித்த கொழுந்தின் கூலியைவிடச் சற்றே அதிகம்!

இனிக் கணக்குக்கு வருவோம். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையை எழுதியவர்கள் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம் பிள்ளைகள். வெட்டுப்புள்ளிக்கு மேல் வந்தவர்கள் சுமார் 51 ஆயிரம். நூற்றுக்குப் பதினாறு. அதே பெறுபேற்றில் பரீட்சைத் திணைக்களம் இன்னொரு கணக்கையும் தந்தது. 70 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவர்கள் சுமார் 2 இலட்சத்து 44 ஆயிரம். நூற்றுக்கு எழுபத்தாறு.

தோழர்களே, இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுபத்தாறிலிருந்து பதினாறைக் கழித்தால் மீதி அறுபது. நூறு பிள்ளைகளில் அறுபது பேர் 70 புள்ளிக்குக் குறையாமல் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. இந்த அறுபது பேருக்கும் வீட்டிலே என்ன பெயர்? "பெயில்!" அயல் வீட்டிலே என்ன பேச்சு? "அவன் பாஸ் இல்லையாம்!" படித்தது விளங்கி, எழுதத் தெரிந்து, கணக்குப் போடத் தெரிந்து வந்து நிற்கும் பிள்ளைக்குத் தோற்றவன் என்று நாமே முத்திரை குத்துகிறோம்.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்த எல்லையல்ல. பிள்ளைகள் எழுதி முடித்து, விடைத்தாள் திருத்தி, எந்த மாவட்டத்தில் எந்த மொழியில் எத்தனை பேரை எடுப்பது என்று பார்த்த பிறகே அது விழுகிறது. அதனால்தான் ஆண்டுக்கு ஆண்டு அது ஏறுகிறது, இறங்குகிறது. ஓர் ஆண்டில் சித்தியென்று சொல்லப்படும் புள்ளி, மறு ஆண்டில் சித்தியில்லை என்றாகலாம். பிள்ளையின் மூளை ஓர் ஆண்டில் மாறிவிட்டதா? இல்லை. இருக்கின்ற இடத்தின் கணக்குத்தான் மாறியது.

ஹட்டன் பஸ் நிலையத்தில் நூறு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து நிற்கும் பஸ்ஸிலே பதினாறு ஆசனம். முந்தியடித்து ஏறிய பதினாறு பேர் உட்கார்ந்துகொள்கிறார்கள். மற்றவர்கள் நிற்கிறார்கள். நாளைக்கு எல்லோரும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வந்து நின்றால் என்ன நடக்கும்? அப்போதும் பதினாறு பேர்தான் உட்காருவார்கள். உறக்கம் மட்டும் நூறு பேருக்கும் போகும். அதேபோல, நாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்தால், எல்லோருடைய புள்ளியும் ஏறும்; வெட்டுப்புள்ளியும் கூடவே ஏறும். உங்கள் பிள்ளை ஏறியிருப்பான், வாசலும் ஏறியிருக்கும். வெட்டுப்புள்ளி அளப்பது பிள்ளையின் தகுதியை மாத்திரமல்ல. நல்ல பாடசாலைகளுக்கு இந்த நாட்டில் எவ்வளவு பஞ்சம் இருக்கிறது என்பதையே அது முக்கியமாக அளந்து காட்டுகிறது.

அந்தப் பஞ்சம் எங்கிருந்து வந்தது? நாட்டில் அரசாங்கப் பாடசாலைகள் பத்தாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. தேசியப் பாடசாலைகள் என்று பெயர் பெற்றவை நானூறை ஒட்டியவை. கட்டிடம், ஆய்வுகூடம், நூலகம், ஆசிரியர் எல்லாம் போய்க் குவிவது பெரும்பாலும் இந்தச் சில நூறு பாடசாலைகளுக்கே. மலையகத்திலோ உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்கக் கூடிய பாடசாலைகளை விரல்விட்டு எண்ணத்தான் வேண்டியிருக்கிறது. "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று 2016ஆம் ஆண்டளவில் அரசாங்கம் ஒரு வேலைத்திட்டம் கொண்டுவந்தது. சுலோகம் அருமையானது! அது நிஜமாகியிருந்தால் இந்தக் கூட்டத்துக்கே அவசியம் வந்திராது. தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குங்கள் என்று 2012ஆம் ஆண்டில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டார்கள். கிடைத்ததோ அதில் பாதிகூட இல்லை.

இன்னொரு அநியாயத்தையும் கவனியுங்கள். முதலாந்தரம் முதல் பதின்மூன்றாந்தரம் வரை உள்ள பெரிய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள், அதே பாடசாலையில் ஆறாந்தரத்துக்குப் போக இந்தப் பரீட்சையை எழுத வேண்டிய கட்டாயமில்லை. அவர்கள் முதலாந்தரத்தில் எப்படிச் சேர்ந்தார்கள்? பாடசாலைக்கு அருகே வீடு இருந்தது; அல்லது தகப்பனோ தாயோ அதே பாடசாலையின் பழைய மாணவராக இருந்தார். பட்டினத்தில் வீடு வாங்க வசதியுள்ளவர் விலாசத்தைக் காட்டிப் பெறும் இடத்தைத் தொழிலாளியின் பிள்ளை பத்து வயதில் புள்ளி காட்டிப் பெற வேண்டும். ஏழைக்குக் கை கொடுக்கப் பிறந்த பரீட்சை, ஏழையை மாத்திரம் சல்லடையில் போட்டுச் சலிக்கும் பரீட்சையாகிவிட்டது.

பஞ்சம் உள்ள இடத்தில் கறுப்புச் சந்தை முளைக்கும் என்பது நாம் அறிந்ததே. அரிசிக்கு நடந்ததுதான் படிப்புக்கும் நடக்கிறது. மூன்றாந்தரத்துப் பிள்ளைக்குப் பரீட்சை வகுப்பு! நாலாந்தரத்துக்கு மாதிரி வினாத்தாள் கட்டு! ஞாயிறன்று விசேட கருத்தரங்கு! ஒவ்வோர் ஆண்டும் பரீட்சைக்கு முந்திய சில நாட்களுக்கு இப்படிப்பட்ட வகுப்புகளையும், கருத்தரங்குகளையும், மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. தடை செய்ய வேண்டிய அளவுக்கு இந்த வியாபாரம் வளர்ந்துவிட்டது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தச் சில நாட்கள் போக மிச்ச நாட்களில் வியாபாரம் தாராளமாக நடக்கலாம்!

2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில் என்ன ஆயிற்று? முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன என்று புகார் எழுந்தது. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுத்து, 2025 ஜனவரியில்தான் பெறுபேறு வந்தது. பத்து வயதுக் குழந்தைகள் நான்கு மாதம் முடிவு தெரியாமல் காத்துக் கிடந்தார்கள். குழந்தைகளின் பரீட்சைத்தாளுக்குக் களவுச் சந்தையில் விலை இருக்கிறது என்றால், அந்த விலையை ஏற்றியது எது? ஒரு புள்ளியில் பிள்ளையின் வாழ்க்கையே தொங்குகிறது என்று நாம் எல்லோரும் நம்பும் அந்த நம்பிக்கையே.

ஒன்று சொல்ல வேண்டும். பிரத்தியேக வகுப்பு நடத்தும் இளைஞர்கள் எல்லோரையும் நாங்கள் விரோதிகளாகக் கருதவில்லை. நம் லயங்களிலிருந்தே படித்து வந்து, உத்தியோகம் கிடைக்காமல், அந்த வருமானத்தில் ஒரு குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் அவர்களில் பலர். அவர்களைப் பாடசாலைகளில் முறையான ஆசிரியர்களாக நியமித்தால், பிள்ளைகளுக்குப் பகலிலேயே ஒழுங்கான படிப்பு கிடைக்கும். அந்த இளைஞர்களுக்கும் கௌரவமான வாழ்வு கிடைக்கும். இதைச் செய்யாத அரசாங்கக் கொள்கையைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

இனி, வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விடியற்காலையில் எழுப்பிப் பழைய வினாத்தாள், பாடசாலை, பிறகு வகுப்பு, இரவு மீண்டும் வினாத்தாள். சரியான விடையின் கீழ்க் கோடு போடப் பிள்ளை பழகுகிறது. ஒரு கதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வாசித்து, தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லப் பழகவில்லை. ஆற்றிலே மீன் பார்த்து, மரத்திலே குருவிக்கூடு பார்த்து, "ஏன் அப்பா இப்படி?" என்று கேட்கும் வயதில், கேள்வி கேட்பதையே மறந்து விடை போடுவதை மட்டும் கற்கிறது. கேள்வி கேட்க மறந்த பிள்ளை நாளைக்குத் துரையிடமும் கேட்காது, அரசாங்கத்திடமும் கேட்காது.

பிறகு பெறுபேறு வரும் நாள். சித்தியடைந்த இரண்டு மூன்று பிள்ளைகளின் படத்தைப் போட்டுச் சந்தியிலே பெரிய பதாகை. மாலை, பட்டாசு. அதே வகுப்பில் அதே வாங்கில் உட்கார்ந்திருந்த இருபது பிள்ளைகள் அந்தப் பதாகையின் கீழாகத்தான் மறுநாள் பாடசாலைக்கு நடந்து போக வேண்டும். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் குற்றவாளிகளைப் போலத் தலை குனிந்து போகிறார்கள். சிலர் வீட்டிலே அடியும் வாங்கியிருப்பார்கள். "உனக்காக எவ்வளவு செலவழித்தேன்!" என்ற சொல், பிரம்படியைவிட ஆழமாகப் படும். பத்து வயதில் "நான் படிப்புக்கு லாயக்கில்லை" என்று ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டால், ஆறாந்தரத்தில் உடல்தான் வகுப்பில் இருக்கும். பதினைந்து வயதில் கொழும்புக் கடையிலோ வீட்டு வேலையிலோ போய் நிற்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேரின் மனம் அந்தப் பெறுபேற்று நாளிலேயே பாடசாலையை விட்டு வெளியேறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கொரோனா காலத்தை நினைவுபடுத்துகிறோம். பாடசாலைகள் மூடிக் கிடந்தன. படிப்பு கைத்தொலைபேசியில் என்றார்கள். நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறினார்கள். பல வீடுகளில் அந்தத் தொலைபேசியும் இல்லை. 2021ஆம் ஆண்டுப் பரீட்சை தள்ளிப்போய் 2022 ஜனவரி 22ஆம் திகதி நடந்தது. பட்டினத்தில் தனி அறையில் கணினியின் முன் படித்த பிள்ளைக்கும், பாறையில் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள். மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடலாம். ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் நகரத்துப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். அதில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து, "உனக்கு அக்கறை போதாது" என்று சொல்ல எந்த நியாயவானுக்கு வாய் வரும்?

சித்தியடைந்த பிள்ளையின் கதையும் முழுக்க இனிப்பல்ல. பத்து வயதில் தாயை விட்டுப் பிரிந்து விடுதிக்குப் போக வேண்டும். அல்லது விடியுமுன் பஸ் ஏறிப் பட்டினம் போய் இருட்டிய பின் திரும்ப வேண்டும். சப்பாத்து, பை, பஸ் கட்டணம் என்று செலவு ஏறுகிறது. உதவிப் பணம் அதற்குக் காணாது. இங்கே தோட்டப் பாடசாலையிலோ, முன்னணியில் நின்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் போய்விட, மிச்சமிருப்பவர்கள் "மிச்சம்" என்றே கருதப்படுகிறார்கள். அங்கே ஆசிரியர் தங்குவதில்லை. தங்காததால் படிப்பு குறைகிறது. படிப்பு குறைவதால் இன்னும் பலர் வேறு இடம் தேடுகிறார்கள். பள்ளிக்கூடம் தேய்கிறது.

"எல்லாம் வாஸ்தவம்தான், தோழர். ஆனால் உங்கள் கொள்கை வெல்லும்வரை என் பிள்ளை காத்திருக்க முடியுமா? எங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?" என்று ஒரு தாய் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் மழுப்பாமல் பதில் சொல்கிறோம். பரீட்சையை எழுதாதே என்று எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம். இருக்கிற ஒரு கயிற்றை அறுத்துவிட்டு ஏழைக்கு உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். பிள்ளை எழுதட்டும், நன்றாக எழுதட்டும், கிடைக்கும் உதவிப் பணத்தை உரிமையோடு வாங்கட்டும். அதேவேளையில் இந்த உண்மையையும் மனதில் வையுங்கள்: வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளைக்கும் ஆறாந்தரம் உண்டு. சாதாரண தரப் பரீட்சை பதினோராந்தரத்தில் வருகிறது. அதன் பின் உயர்தரம். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கொடுப்பது உயர்தரப் பெறுபேற்றை வைத்து. ஐந்தாந்தரத்தில் எத்தனை புள்ளி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. பத்து வயதுக்கும் அந்த வாசலுக்கும் இடையில் எட்டு ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளைத் தாண்டப் பிள்ளைக்கு வேண்டியது, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையும், வாசிக்கும் பழக்கமும், பக்கத்திலே ஒழுங்கான ஒரு பாடசாலையுமே. புள்ளிக்காக முதல் இரண்டையும் உடைத்துவிட்டு, மூன்றாவதைக் கேட்காமலும் இருந்துவிட்டால், பிள்ளைக்கு எது மிஞ்சும்?

ஆகவே நாம் செய்யக் கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, வீட்டிலே. ஐந்தாந்தரம் வரை பிள்ளைக்கு விளையாட்டும் உறக்கமும் கட்டாயம் இருக்கட்டும். மூன்றாந்தர, நாலாந்தரப் பிள்ளையைப் பரீட்சை வகுப்புக்கு அனுப்பக் கடன் வாங்காதீர்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை; இரவிலே கால் மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்திரிகையோ பாடப் புத்தகமோ சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை எந்தப் பரீட்சைக்கும் பயப்படாது. பெறுபேறு வரும் நாளில் "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் முன், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "பாஸ், பெயில்" என்ற சொல்லை இந்தப் பரீட்சைக்கு உபயோகிப்பதில்லை என்று இன்று இந்த மடுவத்திலேயே முடிவெடுப்போம்.

இரண்டாவது, தோட்டத்திலே. இரண்டு மூன்று பிள்ளைகளின் படம் போட்ட பதாகை வேண்டாம். ஐந்தாந்தரத்தை முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே பந்தியில், ஒரு பாராட்டு விழா நடத்துவோம். பதாகைக்கும் பட்டாசுக்கும் போகும் பணத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதைப் புத்தகம் வாங்கலாம். கூடுதல் புள்ளி பெற்ற பிள்ளையை நாம் மனமார வாழ்த்துவோம். அந்த வாழ்த்து அடுத்த வாங்கிலுள்ள பிள்ளையின் மேல் கல்லாக விழ வேண்டியதில்லை.

மூன்றாவது, பாடசாலையிலே. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர் அதன் அங்கத்தினர்கள். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? அரைநாட் கூலி போய்விடும் என்று பயந்து நிற்கிறோம். முறை வைத்துப் போவோம். ஒரு லயத்துக்கு இருவர் என்று போவோம். போய்க் கேட்போம்: முதலாந்தரம் முதல் மூன்றாந்தரம் வரை ஆசிரியர் எத்தனை பேர் குறைவு? 70 புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள்? அவர்களுக்கு என்ன விசேட கவனிப்பு? நூற்றுக்குப் பதினாறு பேரின் புகழில் அதிபரும் நாமும் குளிர் காயும்போது, நூற்றுக்கு இருபத்து நான்கு பேர் அடிப்படை எழுத்திலேயே தடுமாறி நிற்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பாடசாலையின் கௌரவம் அந்த இருபத்து நான்கு பேரை எப்படித் தூக்கிவிட்டது என்பதில் இருக்க வேண்டும்.

நான்காவது, எல்லாத் தோட்டங்களும் சேர்ந்து. வெற்றிடமாயுள்ள ஆசிரியர் இடங்களை நிரப்பு. கொத்தணிக்கு ஒரு பாடசாலையிலாவது உயர்தர விஞ்ஞான, கணித வகுப்பைத் தமிழில் திற. தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் விடு. புலமைப் பரிசில் உதவிப் பணத்தை வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப உயர்த்து. கல்விக்கு 6 சதவீதம் ஒதுக்கு. இந்தக் கோரிக்கைகளோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போவோம். அங்கே பதில் கிடைக்காவிட்டால் அதற்கும் மேலே போவோம். சம்பளத்துக்காக எத்தனை முறை வேலையை நிறுத்தி வீதியில் உட்கார்ந்திருக்கிறோம்! பிள்ளையின் படிப்புக்காக ஒரு முறையேனும் அப்படி உட்கார்ந்திருக்கிறோமா?

தாய்மார்களே, தோழர்களே! 1945இல் வந்த இலவசக் கல்வியும், 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றதும், எந்தப் பிள்ளையும் 200க்கு 180 வாங்கியதால் வந்தவையல்ல. பெரியவர்கள் கேட்டார்கள், வாதாடினார்கள், போராடினார்கள், வந்தன. பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். வாசலை அகலமாக்கும் பாரத்தை நம் தோளில் ஏற்றிக்கொள்வோம். பிள்ளைகளின் தோளில் புத்தகப் பை மட்டும் இருக்கட்டும்.

அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் போகப் போகிறவர் யார் யார் என்பதை, இன்று இந்த மடுவத்தை விட்டுக் கலையும் முன்னரே பெயர் எழுதி முடிப்போம்.